மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: "லைஃப் டைம் ஃப்ரீ" என்று தரப்பட்ட கிரெடிட் கார்டு என் கல்விக் கடனைத் தடுத்த கதை

கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் பேருந்து நிலையங்களின் அருகிலும் வணிக வளாக வாசல்களிலும் மேசை போட்டு, பயணப்பை ஒன்றைப் பரிசாகக் காட்டி, மாணவர்களிடம் கிரெடிட் கார்டு விண்ணப்பம் வாங்குபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2022 செப்டம்பரில், கோயம்புத்தூரில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, காந்திபுரத்தில் அப்படிப்பட்ட ஒரு மேசையில் நானும் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்தின் வினை, 2025-ஆம் ஆண்டு முதுகலைப் படிப்புக்காக நான் கேட்ட கல்விக் கடனில் வந்து நின்றது. வங்கியின் பெயரை இங்கே எழுதவில்லை. மேசை எந்த வங்கியுடையதாக இருந்தாலும் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

கார்டு வாங்க வேண்டும் என்று நான் நினைத்ததில் தவறில்லை என்றே இன்றும் நம்புகிறேன். நம் நாட்டில் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள், ஒருவர் கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறார் என்பதைப் பார்த்து 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகின்றன. கடனே வாங்காத ஒருவருக்கு அந்த மதிப்பெண் உருவாவதே இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வங்கிக் கடன் இருந்ததில்லை. அப்பா விசைத்தறித் தொழிலாளி. மேற்படிப்புக்குக் கடன் கேட்கும்போது என் பெயரில் ஒழுங்கான ஒரு வரலாறு இருக்கட்டும் என்றுதான் மேசையின் முன் நின்றேன். அங்கிருந்த இளைஞர் என் மனத்தில் இருந்ததைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், இப்பவே கார்டு எடுத்துட்டா படிப்பு முடியறப்ப ஸ்கோர் எழுநூத்தம்பது தாண்டிரும். லைஃப் டைம் ஃப்ரீ. மாசாமாசம் மினிமம் டியூ கட்டினாப் போதும், வேற எதுவும் வேண்டாம்" என்றார்.

விண்ணப்பத்தை அவரே தம் கையிலிருந்த டேப்லெட்டில் நிரப்பினார். விரலால் கையெழுத்துப் போட்டது மட்டும்தான் நான். மூன்று ஆண்டுகள் கழித்து, புகாரின்போது வற்புறுத்திக் கேட்டு வாங்கிய நகலில்தான் அவர் என்ன எழுதியிருந்தார் என்பதைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து மாதம் 2,500 ரூபாய் சம்பாதித்துக்கொண்டிருந்த என்னை "சுயதொழில், ஆண்டு வருமானம் 3,60,000 ரூபாய்" என்று பதிந்திருந்தார். மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. என் பெயரில், என் கையெழுத்தின் மேலே, ஒரு பொய் மூன்று ஆண்டுகளாக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் பார்க்காமல் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.

அன்று இரண்டு ஓடிபி வந்தன. இரண்டுமே கைபேசி எண்ணைச் சரிபார்க்கத்தான் என்றார். இரண்டையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். முதல் பில்லில் "கார்டு பாதுகாப்புத் திட்டம்" என்ற பெயரில் 999 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 1,178.82 ரூபாய் இருந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டதற்கு, இரண்டாவது ஓடிபி மூலம் நானே அதற்கு ஒப்புதல் தந்திருப்பதாகச் சொன்னார்கள். செய்தியைத் திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில், நீளமான வாக்கியத்தின் கடைசியில், அப்படித்தான் இருந்தது. அரை மாதத்து டியூஷன் பணத்தை அதற்குக் கட்டினேன்.

அடுத்தது மினிமம் டியூ. மாணவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்தச் சொல்தான் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். நவம்பரில் மடிக்கணினியின் திரை உடைந்து, அதை மாற்ற 8,400 ரூபாய் கார்டில் தேய்த்தேன். பில்லில் மொத்தத் தொகை 8,400 என்றும், குறைந்தபட்சத் தொகை அதில் 5 சதவீதமான 420 என்றும் இருந்தது. மேசைக்காரர் சொன்னபடி 420 கட்டினேன். என் கார்டுக்கு மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம். 8,400-க்கு ஒரு மாத வட்டி 294 ரூபாய். அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு என்பதால் ஏறத்தாழ 347 ரூபாய். நான் கட்டிய 420-இல் அசலைத் தொட்டது 73 ரூபாய் மட்டுமே. ஆறு மாதங்களில் 2,520 ரூபாய் கட்டியும் கடன் 500 ரூபாய்கூடக் குறையவில்லை. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, தவணை தவறியதாகப் பதிவாகாது என்பது உண்மை. ஆனால் வட்டி நிற்காது. பாக்கி இருக்கும்வரை, வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையும் புதிதாக வாங்கும் பொருட்களுக்குக் கிடைக்காது. அந்த ஆறு மாதங்களில் கார்டில் வாங்கிய நோட்டுப் புத்தகத்துக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியது. மேசையில் சொன்னது பாதி; சொல்லாமல் விட்ட மறுபாதியில்தான் என் பணம் போனது.

2023 ஜூனில் சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கி, பில்லில் கண்ட முழுத் தொகையையும் கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லிச் சேவை எண்ணுக்கு அழைத்தேன். "பாக்கி எதுவும் இல்லை மேடம், குளோஸ் ஆகிவிடும்" என்றார்கள். கோரிக்கை பதிவானதாக ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. கார்டைக் கத்தரியால் வெட்டினேன், செயலியையும் நீக்கினேன். சில மாதங்களில் கைபேசி எண்ணும் மாறியது.

பில் தேதிக்கும் நான் பணம் கட்டிய தேதிக்கும் இடையே இருந்த இரண்டு வாரத்துக்கான வட்டி அந்தப் பில்லில் இல்லை. அது அடுத்த பில்லில், ஜிஎஸ்டியோடு 163 ரூபாயாக வந்திருக்கிறது. அந்த 163 ரூபாய் பாக்கியைக் காரணம் காட்டிக் கார்டை மூடாமலே விட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் ஏறியிருக்கிறது. "லைஃப் டைம் ஃப்ரீ" என்றது முதல் ஆண்டுக்கு மட்டும்தானாம். அதன்பிறகு ஆண்டுக்கு 50,000 ரூபாய் செலவழித்தால்தான் தள்ளுபடி என்று கட்டண அட்டவணையில் இருந்தது. அதற்கு மேல் தாமதக் கட்டணம், வட்டி, ஜிஎஸ்டி. பில்கள் எல்லாம் ஓர் எழுத்து விடுபட்ட அந்த மின்னஞ்சலுக்கும் நான் விட்டுவிட்ட எண்ணுக்கும் போய்க்கொண்டிருந்தன. முகவரியையும் எண்ணையும் புதுப்பிக்காதது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடுவதாகச் சொன்ன கணக்கை மூடாததும், மீதி 163 ரூபாய் வரும் என்பதை அந்த அழைப்பிலேயே சொல்லாததும் அவர்கள் தவறு.

ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, 2025 ஜூனில் இன்னொரு வங்கியில் கல்விக் கடனுக்கு அப்பாவோடு போனேன். மேலாளர் அம்மையார் என் கடன் அறிக்கையைத் திறந்து, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மாதங்களின் பெயர்களுக்குக் கீழே சிறு கட்டங்கள். அவற்றில் 030, 061, 091 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. தவணை எத்தனை நாள் தவறியது என்பதைக் காட்டும் எண்கள் அவை. கடைசியில், வாராக் கடனாகத் தள்ளுபடி செய்யப்பட்ட கணக்கு, பாக்கி 4,316 ரூபாய். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "எவ்வளவு பாப்பா?" என்று மட்டும் கேட்டார். நாலாயிரம் என்றதும், "இதுக்கா இல்லைங்கறாங்க?" என்றார்.

அடுத்த வாரமே வசூல் முகவர் ஒருவர் அழைத்து, 2,000 ரூபாய் கட்டினால் போதும், செட்டில்மென்ட்டில் முடித்துவிடலாம் என்றார். கட்டியிருப்பேன். மேலாளர் அம்மையார்தான் தடுத்தார்: "குறைச்சுக் கட்டினா 'செட்டில்டு'ன்னு பதிவாகும்மா. கடனை முழுசாக் கட்டலைங்கறதுதான் அதோட அர்த்தம். எங்களை மாதிரி வங்கிகள் அதைப் பார்த்தா மறுபடி யோசிப்பாங்க." இந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பழைய கைபேசியை எடுத்து மின்னேற்றிப் பார்த்தபோது, 2023 ஜூன் மாதக் குறுஞ்செய்தி கோரிக்கை எண்ணோடு அப்படியே இருந்தது. அதை இணைத்து வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன். 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். 163 ரூபாய் பாக்கி இருந்ததால் இந்த விதி பொருந்தாது என்று வங்கி பதில் எழுதியது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் பதிந்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது. வங்கி முப்பது நாட்களுக்குள் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் அங்கே போகலாம். நாளுக்கு 500 ரூபாய் எனக்குக் கிடைக்கவில்லை. கட்டணங்கள் அனைத்தையும் வங்கியினர் ரத்து செய்துவிட்டு, 163 ரூபாயை மட்டும் வாங்கி, கணக்கு முடிந்ததாக அறிக்கையில் திருத்தினார்கள். இதற்கு நான்கு மாதம் ஆனது.

இதைப் படிக்கும் மாணவர்கள் கார்டே வேண்டாம் என்று ஒதுங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. இப்போது என் சேமிப்புக் கணக்கு உள்ள கிளையில் 15,000 ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் பேரில் ஒரு கார்டு வாங்கியிருக்கிறேன். வருமானம் காட்டத் தேவையில்லாத இந்த வழி அன்றே இருந்தது; மேசையில் யாரும் சொல்லவில்லை. அதில் கைபேசி ரீசார்ஜும் பேருந்துப் பயணமும் மட்டும் போகின்றன. வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. குறைந்தபட்சத் தொகையை அல்ல, மொத்தத் தொகையைச் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏடிஎம்மில் அந்தக் கார்டை நுழைப்பதே இல்லை, ஏனென்றால் பணமாக எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி. கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்கிறேன். 2023-க்குப் பிறகு ஒருமுறை பார்த்திருந்தால்கூட அந்த 030 என்ற கட்டத்திலேயே பிடித்திருப்பேன்.

கார்டை மூடுபவர்கள், பணம் கட்டிய மாதத்தோடு விடாமல் அடுத்த மாதப் பில்லையும் வரவழைத்துப் பாருங்கள். அதில் பூஜ்யம் என்று கண்டபிறகு, பாக்கி இல்லை என்ற கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்.

முதல் பருவக் கட்டணத்தின் கடைசித் தேதி ஜூலையிலேயே முடிந்துவிட்டதால், அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துத்தான் நான் சேர்ந்தேன். கல்விக் கடன் நவம்பரில் கிடைத்தது. ஆனால் அது இரண்டாம் பருவத்திலிருந்துதான். சங்கிலியை இன்னும் மீட்கவில்லை.