அரிய புல் அந்துப்பூச்சியைத் தேட ஐநேச்சுரலிஸ்ட் உதவுமா?

உயிரினங்களின் படங்களைப் பதிவிட்டு, பிறர் உதவியுடன் இனம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம் 2008இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுநிலைத் திட்டமாகத் தொடங்கியது. 2023 முதல் இலாப நோக்கற்ற தனி அமைப்பாக இயங்குகிறது. மயிலையும் யானையையும் தேடிப் பார்த்து இத்தகைய தளத்தின் தரத்தை அளக்க முடியாது என்பதால், நியூசிலாந்தின் குபியா எலக்டிலிஸ் என்னும் புல் அந்துப்பூச்சியை மனத்தில் வைத்து இம்மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இப்பூச்சியை 1930இல் ஆல்ஃபிரட் பில்பாட் விவரித்தார். குபியா பேரினத்தில் உள்ள ஒரே இனம் இதுவே. கேன்டர்பரிக் கரையில், எல்ஸ்மியர் ஏரிக்கும் பசிபிக் கடலுக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர் நீளும் கைட்டோரெட்டே திட்டு இதன் முக்கிய வாழிடம். இதன் புழு சோய்சியா என்னும் குட்டைப் புல்லைத் தின்று வளர்கிறது.

வகைப்பாட்டில் தளம் நிறைவளிக்கிறது. கிராம்பிடே குடும்பத்திலிருந்து கிராம்பினே துணைக்குடும்பம், பேரினம், இனம் எனப் படிப்படியாக இறங்கிச் செல்லலாம். (நம் நெல்வயலின் குருத்துப்பூச்சியும் இதே குடும்பம்தான், துணைக்குடும்பம் மட்டும் வேறு.) படத்தைப் பார்த்துத் தானாகவே பெயர் பரிந்துரைக்கும் வசதியை அரிய இனங்களுக்கு நம்ப வேண்டாம். போதிய படங்கள் சேர்ந்த இனங்களில்தான் அதற்குப் பயிற்சி உண்டு. மற்றவற்றுக்குப் பழக்கமான உறவினப் பெயர் ஒன்றை அது நீட்டக்கூடும். இனம் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் உடன்பட்டால் பதிவு 'ஆய்வுத் தரம்' பெறுகிறது. ஆனால் இருவர் மட்டுமே பெயரிட்ட பதிவில், அறிந்தவர் ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழிந்ததாகவும் அது இருக்கலாம். பல புல் அந்துப்பூச்சிகளின் இனத்தை உறுதிசெய்ய இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதால், புகைப்படச் சான்றுக்கு ஓர் எல்லை உண்டு.

பரவல் வரைபடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. அருகிய இனங்களைக் காக்க, தளம் உண்மையான இடத்தை மறைத்து, அகலாங்கிலும் நெட்டாங்கிலும் 0.2 பாகை அளவுள்ள கட்டத்துக்குள் தற்செயலாக ஒரு புள்ளியைக் காட்டுவதுண்டு. காடு பரந்த நிலத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. கைட்டோரெட்டே போன்ற ஒடுங்கிய திட்டிலோ, அக்கட்டம் கடலையும் ஏரியையும் சேர்த்து விழுங்கிவிடும். மணற்புல்லில் அமர்ந்த பூச்சி நீரின் நடுவே இருப்பதாக வரைபடம் காட்டக்கூடும். பாதுகாப்புக்காக இம்மறைப்பு சரியே என்பது என் கருத்து. அதை வரைபடத்தில் இன்னும் எடுப்பாகக் காட்டியிருக்கலாம் என்பதே என் குறை.

பொழுதுபோக்காகப் பூச்சி பார்ப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பரவலை ஆய்வு செய்வோர், தரவைக் கோப்பாக இறக்கும்போது இடத்துல்லியத்தைக் குறிக்கும் நெடுவரிசையை நீக்காமல் வைத்திருந்து, பிழை 20 கிலோமீட்டரைத் தாண்டும் பதிவுகளை வாழிடக் கணக்கில் சேர்க்காதிருக்க வேண்டும்.