ஆர்க்கிட் செடிக்கு முழுப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நேத்து ராத்திரி அந்த ஆள் என் நம்பரை பிளாக் பண்ணிட்டார். 8,400 போச்சு. இன்னும் கை நடுங்குது. இன்னொருத்தர் ஏமாறக் கூடாதுன்னு இப்பவே எழுதறேன்.

சோஷியல் மீடியால பக்கம் வச்சு செடி விக்கிறவர். மூணு ஃபலனாப்சிஸ், மூணு வாண்டா (ரெண்டும் ஆர்க்கிட் வகைதான்), ஒரு 'நீல' ஃபலனாப்சிஸ் கேட்டேன். எல்லாமே பூக்கிற வயசுச் செடின்னார்.

நான் நம்பினது எங்கன்னா, அவர் பணத்தைப் பத்திப் பேச்சே எடுக்கல. "அக்கா, உங்க வீட்டுல காலை வெயிலா, சாயங்கால வெயிலா? ஃபலனாப்சிஸுக்கு உச்சி வெயில் பட்டா இலை வெந்துடும்"னு அரை மணி நேரம் பொறுமையா சொன்னார். வாண்டா வேர் நுனி பச்சையா ஓடறதை வீடியோ எடுத்து அனுப்பினார். செடியை இவ்வளவு நேசிக்கிறவர் ஏமாத்த மாட்டார்னு 8,400ஐயும் ஒரே தடவையில போட்டேன்.

பதினோரு நாள் கழிச்சு பெட்டி வந்துச்சு. பிரிக்கும்போதே அழுகின வாடை. நல்ல வேர் காஞ்சா வெள்ளி நிறமா இருக்கும், நனைஞ்சா பச்சையாகும். இது பழுப்பா நசநசன்னு இருந்துச்சு. லேசா இழுத்தா மேல்தோல் உறை மாதிரி கழண்டு நார் மட்டும் கையில வருது. ரெண்டு ஃபலனாப்சிஸுக்கு நடுக்குருத்தே கருகிப்போச்சு. குருத்து போனா அந்தத் தண்டு அதுக்கு மேல வளராது. வாண்டா மூணும் விரல் நீள நாத்து, பூக்க வருஷக்கணக்காகும். அந்த நீலம்? பூத்தண்டுல ஊசி குத்தின ஓட்டை. வெள்ளைப் பூச்செடிக்குச் சாயம் ஏத்தியிருக்காங்க, அடுத்த தடவை வெள்ளையாத்தான் பூக்கும்.

கேட்டா, "புது இடத்துக்குப் பழகணும்க்கா, 15 நாள் பொறுங்க." பொறுத்தேன், மிச்சமும் அழுகிச்சு. அப்புறம் "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க." வந்த அன்னைக்கே எடுத்த போட்டோவை அனுப்பினதும், "பெட்டி பிரிக்கிற வீடியோ இருக்கா மேடம்?" அதுவரைக்கும் அக்கா, பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மேடம். அப்படி ஒரு நிபந்தனை இருக்குன்னு பணம் வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லல. 8,400ல பாதியாவது குடுங்கன்னு கெஞ்சினேன். அதோட பிளாக்.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விரிவா எழுத நினைச்சேன், இப்ப மனசு ஓடல. இதை மட்டும் செய்ங்க. உங்களுக்கு வரப்போற அதே செடியை, அன்னைக்குத் தேதி எழுதின சீட்டோட, வேர் தெரிய வீடியோ கேளுங்க. பெட்டியை வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. பளீர் நீல ஃபலனாப்சிஸ் வாங்கவே வாங்காதீங்க. 'ஆர்க்கிட் விதை' பாக்கெட்டும் வேணாம். அது தூசி மாதிரி இருக்கும், பூஞ்சைத் துணையோ லேப் குடுவையோ இல்லாம முளைக்காது. அந்தப் பக்கத்துல அதையும் விக்கிறாங்க.

ஒரே ஒரு ஃபலனாப்சிஸ்ல ரெண்டு வேர் உயிரோட இருக்கு. அழுகினதை வெட்டிட்டுப் பாசியில (செடி நடுற மாஸ்) வச்சிருக்கேன்.