வார இறுதிச் சான்றிதழும் 700 மணித்தியாலமும்: ஓவியச் சிகிச்சைக் கற்கைநெறிகள் ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பில் கல்லடியிலோ வந்தாறுமூலையிலோ பட்டம் முடித்தவரின் கைப்பேசிக்கு ஓவியச் சிகிச்சை, அதாவது படம் வரைவதன் வழியாக மனநலத்துக்கு உதவும் சிகிச்சை, பற்றிய சான்றிதழ் விளம்பரங்கள் ஓயாமல் வந்துவிழுகின்றன. சில வார இறுதிகள், பதிவுசெய்த காணொளிகள், முடிவில் ஒரு வினாக்கொத்து, பிறகு நீங்களே அச்சடித்துக்கொள்ளும் சான்றிதழ். இந்த வகைக் கற்கைநெறியை முழுதாகத் தள்ளிவிட முடியாது. முன்பள்ளி ஆசிரியைக்கும் வகுப்பில் ஓவியம் கற்பிப்பவருக்கும் உதவும். ஆனால் அதை வைத்துச் 'சிகிச்சையாளர்' என்று பலகை எழுதக்கூடாது.

காசு கட்ட முன்னர் பார்க்கவேண்டிய இலக்கம் ஒன்றுதான். மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் ஆட்களோடு வேலைசெய்யும் நேரம் எவ்வளவு? அமெரிக்க ஓவியச் சிகிச்சைச் சங்கம் வகுத்த முதுமாணி அளவுகோல்படி 100 மணித்தியால ஆரம்பப் பயிற்சியும் 600 மணித்தியாலக் களப்பயிற்சியும் வேண்டும், மொத்தம் 700. பிரித்தானியாவில் ஓவியச் சிகிச்சையாளர் என்ற பட்டப்பெயரே சட்டப் பாதுகாப்புள்ளது, எச்.சி.பி.சி. எனும் சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான பேரவையில் பதிவு இல்லாமல் பயன்படுத்தினால் குற்றம். கிட்டிய இடம் வேண்டுமானால் சிங்கப்பூர் லாசால் கலைக் கல்லூரியின் முதுமாணி இருக்கிறது, முழுநேரம் 2 வருடம். செலவு பெரியது, அதை மறைத்துப் பயனில்லை.

நம்மவர்கள் இடறுவது நுழைவில். அமெரிக்க வழிக்கு ஓவியப் பயிற்சியில் 18 கிரெடிட்டும் (பாடநேர அலகு) உளவியலில் 12 கிரெடிட்டும் கேட்பது வழக்கம். விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை படித்தவருக்கு முதலாவது பெரும்பாலும் சரி, இரண்டாவது குறையும். உளவியல் படித்தவருக்கு மறுதலை. உளவளத்துணை டிப்ளோமா இருந்தால் அது எத்தனை கிரெடிட்டாகக் கணக்கிடப்படும் என்று அனுமதிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

குறுகிய கற்கைநெறி எங்கே உண்மையில் தோற்கிறது? பொருட்களில். பென்சில், பஸ்டல், களிமண், நீர்வண்ணம் எல்லாம் ஒன்றல்ல. ஓவியச் சிகிச்சை ஆய்வாளர்களான காகினும் லூசெப்ரிங்கும் 1978இல் முன்வைத்த சட்டகத்தின்படி, கையை எதிர்க்கும் பொருள் மனதுக்குக் கட்டுப்பாட்டைத் தரும், வழிந்தோடும் பொருள் உணர்ச்சியைக் கிளப்பும். பதற்றத்தோடு வந்தவருக்குப் பெரிய பிரிஸ்டல் போர்ட்டும் தண்ணியான பெயின்ற்றும் கொடுத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து சேற்று நிறமாகிவிடும். வரைந்தவர் அதைத் தன் தோல்வியாகவே பார்ப்பார். ஏ5 தாள், பஸ்டல் நாலைந்து நிறம், சுற்றிலும் ஒரு கோடு: தொடக்கத்துக்கு இது போதும். 2004 சுனாமியில் ஆளை இழந்தவர் முன்னால் நீலம் தாளில் பரவும்போது என்ன நடக்கும் என்று காணொளி சொல்லித்தராது. களிமண் இன்னும் ஆழம் போகும். கையில் ஈரம் பட்டதும் உடல் ஞாபகம் எழலாம், அதனால் முதல் சந்திப்பிலேயே அதை எடுக்கவேண்டாம்.

இன்னொரு சோதனை: பாடத்தில் 'கறுப்பு என்றால் துக்கம், மரத்தில் பொந்து என்றால் காயம்' என்ற அட்டவணை இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். படத்துக்குப் பொருள் சொல்ல வேண்டியவர் வரைந்தவர். படத்தைப் பூட்டிய அலுமாரியில் வைப்பது, திட்ட அறிக்கைக்கென்று படமெடுத்துப் போடாமலிருப்பது, ஆள் கேட்டால் திருப்பிக் கொடுப்பது, இவை பற்றி ஒரு பாடமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். நிதி வழங்குவோருக்குப் புகைப்படம் தேவைப்படும் ஊரில் இது சின்ன விசயமில்லை.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, அரச சேவையில் இதற்கென்று தனிப் பதவி கிடையாது. உளவளத்துணை உத்தியோகத்தராக, விசேட தேவைப் பாடசாலையில், அல்லது தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து அந்த வேலைக்குள் ஓவியத்தைக் கொண்டுபோவதுதான் இப்போதைக்கு வழி. ஆறுதல் தரும் கலைவேலைக்கு முதுமாணி தேவையுமில்லை: கனடா ஓவியர் போல் (Paul) ஹோகனும் அருட்தந்தை போல் (Paul) சற்குணநாயகமும் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளோடு வரைந்தும் கதைசொல்லியும் வேலைசெய்தவர்கள் உள்ளூர்ச் செயற்பாட்டாளர்கள். ஆனால் அது மாதக்கணக்கில் நீண்ட வேலை.

சான்றிதழ் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் மேற்பார்வையாளரின் பெயர், பதிவு இலக்கம், பதிவுசெய்த பேரவை மூன்றையும் கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வராமல் விலைக்கழிவு வந்தால் காசைக் கட்டவேண்டாம்.