"நூறு சதவீதம் பருத்தி" என்று விற்கப்பட்ட அக்ரிலிக் நூல்: குரோஷே பின்னுவோர் கவனத்துக்கு

சமூக ஊடகப் பக்கம் ஒன்றில் "நூறு சதவீதம் பருத்தி, குழந்தைகளுக்கு உகந்தது" என்ற விளம்பரத்துடன் விற்கப்பட்ட குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் வேலை) நூலைப் பந்து ஒன்றுக்கு 260 ரூபாய் வீதம் ஆறு பந்துகள் வாங்கினேன். வந்தது பருத்தி அல்ல, அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. 100 கிராம் என்று அச்சிடப்பட்டிருந்த பந்துகளில் ஒன்றுகூட 90 கிராமைத் தொடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது விற்றவர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பக்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை; ஆனால் இதே முறையில் விற்கும் பக்கங்கள் இன்னும் பல இருக்கின்றன என்பதால் நடந்ததை முழுவதுமாக எழுதுவது அவசியம் என்று தோன்றுகிறது.

பின்னல் வேலையைப் பகிரும் பக்கங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அவற்றின் தொனி நன்றாகத் தெரியும். ஒரு நாள் முடிந்த சால்வையின் படம் வரும். மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரும். அதற்கடுத்து மாமியார் போட்ட மாவடு, வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்ட செய்தி, நடுவில் பாதியில் நிற்கும் ஸ்வெட்டர் என்று வீடும் நூலும் கலந்தே ஓடும். நானும் குக்கர் விசில் அடிக்கும் இடைவெளியில் இரண்டு வரிசை போடுகிறவள் என்பதால் அத்தகைய பக்கங்கள் எனக்குப் பிடிக்கும், அதில் தவறும் இல்லை. இந்தப் பக்கமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அதை நடத்துபவர் தன் வீட்டு விஷயங்களை விரிவாக எழுதுவார், பின்னூட்டம் போடும் எல்லோரையும் "அக்கா" என்று அழைப்பார், ஆறேழு பதிவுக்கு ஒருமுறை "இந்த நூலில்தான் என் பாப்பாவுக்குப் போட்டேன்" என்று ஒரு போர்வையின் படத்தையும் விலையையும் போடுவார். நூலின் லேபிளை மட்டும் அவர் ஒருபோதும் படமெடுத்துப் போட்டதில்லை.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. பெயர் வைக்கும் விசேஷத்துக்குக் கொடுக்க, முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அளவில், சிறு சிறு சதுரங்களாகப் பின்னி இணைக்கும் போர்வை ஒன்றைத் திட்டமிட்டேன். கோயம்புத்தூர் வெயிலுக்குப் பிஞ்சுக் குழந்தையின் மேல் போடுவது என்றால் வியர்வையை உறிஞ்சும் பருத்திதான் சரி. பருத்தி இயல்பான காற்று ஈரத்திலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் 2 சதவீதத்தைக்கூட எட்டாது. அதனால் அக்ரிலிக் போர்வைக்குள் உடம்பு புழுங்கும். குளிர்ப்பிரதேசத்தில் அது நல்ல நூல்தான், விலையும் மலிவு, நானே அதில் எத்தனையோ தொப்பிகள் போட்டிருக்கிறேன். அக்ரிலிக்கை அக்ரிலிக் என்று சொல்லி விற்றால் யாருக்கும் குறையில்லை.

பார்சலில் வந்த நூல் தொடுவதற்கு மிகவும் மெத்தென்று இருந்தது. பந்துகளைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் ஒரு பூவின் படமும், "பிரீமியம் காட்டன்" என்ற சொற்களும், 100 கிராம் என்ற எண்ணும் இருந்தன. தயாரித்தவர் அல்லது பொதி செய்தவரின் முகவரி, மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, நூலின் நீளம், சாயத் தொகுதி எண் ஆகிய எதுவும் இல்லை. சாயத் தொகுதி எண் என்பது பின்னுகிறவர்களுக்கு முக்கியம். ஒரே மஞ்சள் என்று வாங்கினாலும் வெவ்வேறு தொட்டியில் சாயமேற்றிய பந்துகள் அருகருகே வரும்போது நிற வேறுபாடு பட்டையாகத் தெரியும். எனக்கு வந்த மஞ்சள் பந்துகளில் ஒன்று எலுமிச்சையாகவும் மற்றொன்று சற்றே பழுத்த நிறமாகவும் இருந்தன. இதைக் கேட்டதற்கு, "கையால் சாயம் போடறோம் அக்கா, கொஞ்சம் மாறத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. அது நம்பக்கூடிய பதில்தான் என்பதால் வேலையைத் தொடர்ந்தேன். பந்துக்குள் ஆங்காங்கே முடிச்சுப் போட்டு ஒட்டுத் துண்டுகள் வேறு இருந்தன.

உண்மை வெளிப்பட்டது இஸ்திரிப்பெட்டியில். சதுரங்களை இணைப்பதற்கு முன் அவற்றை அளவாக இழுத்து ஊசி குத்தி நீராவி காட்டுவது வழக்கம். பருத்திக்குரிய சூட்டில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு அழுத்தியதும், அந்தச் சதுரம் தன் விறைப்பை இழந்து துவண்டது. பூவிதழ் போல எழும்பி நின்ற தையல்கள் தட்டையாகி, மேற்பரப்பில் பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு வந்துவிட்டது. பருத்தி அந்தச் சூட்டுக்கு அசைவதில்லை. அக்ரிலிக் அப்படி ஒருமுறை சூடு பட்டுத் தளர்ந்தால் பிறகு எதைச் செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

என் அத்தை, அதாவது கணவரின் தாயார், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங் பிரிவில், அதாவது நூலைக் கூம்பு வடிவக் கோன்களில் சுற்றும் பிரிவில், நெடுங்காலம் வேலை பார்த்தவர். அவரிடம் பந்தைக் கொடுத்தேன். அவர் பந்தின் முனையைப் பிடித்து முறுக்கை எதிர்ப்பக்கமாகத் திருப்பி அவிழ்த்து, இழைகள் பிரிந்து பஞ்சாக வந்ததும் இரு கைகளின் கட்டைவிரல்களாலும் மெல்ல இழுத்து, அதிலிருந்து ஒற்றை இழையை உருவித் தன் உள்ளங்கையின் குறுக்கே வைத்தார். அது கையின் அகலத்தைத் தாண்டி வெளியே நீண்டது. "பஞ்சு இவ்வளவு நீளம் வராது கண்ணு. இது என்னமோ, ஆனா பஞ்சு கிடையாது" என்றார். அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு: ஆலைகளில் சாதாரணமாக ஓடும் பருத்தியின் இழை ஓர் அங்குலத்தை ஒட்டியே இருக்கும், நீள இழைக்குப் பேர்போன நம் சுவின் பருத்திகூட ஏறத்தாழ ஒன்றரை அங்குலம்தான். கைப்பின்னல் நூலுக்கான அக்ரிலிக்கையோ அதைவிட மிக நீளமாக வெட்டித்தான் நூற்பார்கள்.

பிறகு அவர் பூஜை அறையிலிருந்து ஒரு விளக்குத் திரியை எடுத்து வந்தார். எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியின் அருகே வைத்து, இடுக்கியால் முதலில் திரியைக் கொளுத்தினார். அது சீராக எரிந்து, ஊதி அணைத்த பின்னும் முனையில் கங்கு நகர்ந்து, காகிதம் கருகும் வாசனையோடு, விரல் பட்டால் தூளாகும் சாம்பலை விட்டது. அடுத்து எனக்கு வந்த நூல். அது தீயைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கி, உருகி, கரும்புகையோடு படபடத்து எரிந்து, மூக்கை எரிக்கும் நெடியைக் கிளப்பிற்று. ஆறிய பின் தட்டில் கிடந்தது மிளகளவு கருப்பு உருண்டை, அதைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தியும் நொறுங்கவில்லை. இந்தச் சோதனையை வீட்டில் செய்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து, சில அங்குல நூலை மட்டும், குழந்தைகள் இல்லாத நேரத்தில் எரியுங்கள். கலப்பு நூலாக இருந்தால் சாம்பலும் உருண்டையும் சேர்ந்தே வரும் என்பதால், எத்தனை சதவீதம் கலப்பு என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. கம்பளி என்று விற்கப்பட்ட நூலானால் முடி கருகும் வாசனை வர வேண்டும். தீயை விலக்கியதும் தானே அணையும்.

எடைக் குறைவு ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. பருத்தியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராமுக்குச் சற்று மேல், அக்ரிலிக்கினுடையது 1.2 கிராமுக்கும் கீழ். போதாக்குறைக்கு அக்ரிலிக் இழை உப்பலாகவும் நூற்கப்படும். எனவே 100 கிராம் பருத்திப் பந்து கையில் சிறியதாகவும் கனமாகவும் இருக்கும். அதே அளவுள்ள அக்ரிலிக் பந்து எடை குறைந்திருந்தாலும் புஸ்ஸென்று நிறைவாகத் தோன்றும். சமையலறைத் தராசில் வைத்தபோது ஒரு பந்து 86 கிராம் காட்டியது, காகிதப் பட்டையையும் சேர்த்து. அப்படியானால் ஏமாற்று ஒன்றல்ல, இரண்டு: மலிவான நூலைப் பருத்தி விலைக்கு விற்றது, அதையும் அளவு குறைத்து விற்றது.

விற்றவருக்கு மூன்றையும், அதாவது தராசின் படம், எரித்துப் பார்த்த காணொளி, துவண்ட சதுரம் ஆகியவற்றை அனுப்பினேன். வந்த பதில்களின் வரிசையைக் கவனியுங்கள், ஏனெனில் பிறரிடமும் இதே வரிசைதான் வரும். முதலில், "நாங்க குடும்பமா நடத்துற தொழில் அக்கா, பிள்ளைங்க மேல சத்தியமா பொய் சொல்ல மாட்டோம்." அடுத்து, "இது மில்க் காட்டன், அப்படித்தான் இருக்கும்." மில்க் காட்டன் என்ற பெயரில் சந்தையில் வரும் பல நூல்களில் அக்ரிலிக் கலப்பு உண்டு என்பது உண்மையே, ஆனால் அப்படியானால் நூறு சதவீதம் பருத்தி என்ற விளம்பரம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு, "அயர்ன் பண்ணச் சொன்னது யாரு?" அதன் பின், "பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா?" இறுதியில் என் எண் தடை செய்யப்பட்டது; பக்கத்தில் நான் எழுதிய பின்னூட்டமும் நீக்கப்பட்டது. அதே மாலையில் அவர் தன் வீட்டில் பணியாரம் சுட்ட படத்தைப் போட்டு, "அக்காக்களே, உங்க வீட்ல என்ன டிபன்?" என்று கேட்டிருந்ததை என் தங்கை தன் கணக்கிலிருந்து பார்த்துச் சொன்னாள்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தைத் தங்கையின் கைப்பேசியில் பின்னோக்கிப் பார்த்தேன். "4 மில்லிமீட்டர் கொக்கியில் போட்டது" என்று எழுதப்பட்ட போர்வைகளில் ஒன்று குரோஷேயே அல்ல. இரண்டு நீள ஊசிகளால் பின்னும் நிட்டிங். நெருக்கிப் பார்த்தால் வரிசை வரிசையாக "வி" வடிவக் கண்ணிகள் ஒன்றையொன்று கோத்து நிற்பது தெரியும். சாதாரணக் குரோஷேயில் அப்படி வராது. படத்தைத் தேடுபொறியில் கொடுத்துத் தேடியபோது, பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் தன் பேரனுக்காகப் பின்னிப் பகிர்ந்த படம் என்று தெரிந்தது. மூலத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது; இங்கே ஜன்னல் இருந்த பகுதி வெட்டப்பட்டு, "என் பாப்பா" என்ற தலைப்புடன் வந்திருக்கிறது. மற்ற வீட்டுக் கதைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது.

இனிப் பணத்தைப் பற்றி. யுபிஐ மூலம் தனிநபர் எண்ணுக்கு நாமே ஒப்புதல் அளித்து அனுப்பிய தொகையை, பொருள் சரியில்லை என்ற காரணத்துக்காக வங்கி திருப்பி எடுத்துத் தராது. வங்கிக் கிளையில் எனக்கும் அதையே சொன்னார்கள். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம், செய்தேன். பெரிய நிறுவனங்களிடம் அந்த மையத்தின் கடிதத்துக்கு மதிப்பு இருக்கும். முகவரியே இல்லாத ஒரு பக்கத்திடம் அது எடுபடவில்லை. எடைக் குறைவும், பொதியில் இருக்க வேண்டிய விவரங்கள் இல்லாமையும் 2011-ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருட்கள் விதிகளின் கீழ் வருபவை. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் கீழுள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவு. அங்கும் எழுத்து மூலம் மனு கொடுத்திருக்கிறேன்.

இவற்றைவிட எனக்கு உறுதியாகப் படுவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்தால் போதும். 2025 தொடக்கத்திலிருந்து இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்ய முடிகிறது. ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு இத்தனை அலைச்சலா என்று என் கணவரே கேட்டார். அந்தப் பக்கத்தைப் பல்லாயிரம் பேர் தொடர்கிறார்கள். தொகை சிறியது என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள் என்ற கணக்கில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

இதே பக்கத்திலோ இதுபோன்ற வேறொன்றிலோ நூல் வாங்க நினைப்பவர்கள், பணம் அனுப்பும் முன் லேபிளின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இழையின் சதவீதம், எடை, மீட்டர் கணக்கில் நீளம், சாயத் தொகுதி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும், ரசீது தருவார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நேர்மையான சிறு வியாபாரிகள் இதற்குக் கோபப்படுவதில்லை. நான் கேட்ட இருவர் கேட்ட மாத்திரத்தில் அனுப்பினார்கள். பார்சல் வந்ததும் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து, முதல் பந்தில் கொக்கியைப் போடும் முன்பே எடை பார்த்து, நாலு அங்குலம் எரித்தும் பாருங்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் லேபிளையும் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாதீர்கள்.

தங்கையின் குழந்தைக்கு இப்போது அத்தையின் யோசனைப்படி வேறு போர்வை தயாராகிறது. திருப்பூரில் கோனாகக் கிடைத்த பத்தாம் நம்பர் (நூலின் தடிமனைக் குறிக்கும் எண்) பருத்தி நூலை எட்டு இழையாகச் சேர்த்துப் பந்தாக்கித் தந்திருக்கிறார். நிறம் வெளுப்பு மட்டும்தான், விசேஷத்துக்குள் முடியாது, பரவாயில்லை. பிரிக்காத இரண்டு அக்ரிலிக் பந்துகளையும் பட்டையோடு அப்படியே உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும். அதே பக்கத்தில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தங்கள் பந்தின் எடையை மட்டும் பார்த்து எழுதுங்கள், மனுவோடு சேர்க்க உதவியாக இருக்கும்.