சம்பள ஆப்புக்கு மூன்று நட்சத்திரம், என் 555 புத்தகத்துக்கு ஐந்து

பினாங்கு பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் போன வருடம் காகிதச் சம்பளச் சீட்டை நிறுத்திவிட்டு, இனி எல்லாரும் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பெயரைப் போட்டால் யார் எழுதியது என்று எச்.ஆர். உடனே கண்டுபிடித்துவிடும், அதனால் பெயர் வேண்டாம். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்து பிழைக்கிறவர்கள் இந்த மாதிரி ஆப்பில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஏறிய அன்றே சீட்டு வந்துவிடுகிறது. ஓ.டி.க்கு சூப்பர்வைசர் ஒப்புதல் கொடுத்தாரா இல்லையா என்பது மறுநாளே தெரிகிறது, முன்பெல்லாம் மாதக் கடைசிவரை அவர் பின்னாலேயே அலைய வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில், பாலத்தில் நெரிசலில் நிற்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

கோளாறு ஓ.டி. என்ற இடத்தில்தான். அங்கே மொத்தமாக ஒரே எண், எத்தனை மணி நேரம், எந்த விகிதம் என்று ஒன்றும் இல்லை. என் அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி (ரிங்கிட்). 26ஆல் வகுத்தால் நாளுக்கு 100, அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு 12.50. சாதாரண நாளில் ஓ.டி. ஒன்றரை மடங்கு, 18.75. பொது விடுமுறையில் வழக்கமான நேரம் தாண்டினால் மூன்று மடங்கு, 37.50. மலேசியா தினத்தன்று 8 மணி நேர வேலை முடிந்தும் 4 மணி நேரம் கூடுதலாக நின்றேன், 150 வெள்ளி வர வேண்டும். மொத்தம் இடிக்கிறதே என்று 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த மணிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த 4 மணியையும் சாதாரண நாள் போலப் போட்டு 75 வெள்ளிதான் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பில் புகார் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு பதில், அப்புறம் ஒன்பது நாள் சத்தமே இல்லை. கடைசியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள், சரி.

வரி விஷயத்தில் ஆப்பைக் குறை சொல்ல மாட்டேன், மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கும் வரியான பி.சி.பி.யைத் தனியாகக் காட்டுகிறது. பக்கத்து மெஷினில் இருக்கும் அக்கா வந்த நாளிலிருந்து சொல்வது: "ரொம்ப ஓ.டி. பண்ணாத தங்கச்சி, அத்தனையும் இன்கம் டாக்ஸ்தான் தின்னும்லா." கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 60 மணி நேரம் ஓ.டி. என்றால் 1,125 வெள்ளி. வருடம் முழுக்க அப்படியே உழைத்தாலும், என்னைப் போல் தனி ஆளுக்கு 9,000 வெள்ளி சொந்தக் கழிவும் சேமநிதிக் கழிவும் போய், 400 வெள்ளி தள்ளுபடியும் கிடைத்த பிறகு, வருடத்துக்கே வரி 100 வெள்ளியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறு இடத்தில். கழிவெல்லாம் போக வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டினால் அந்த 400 தள்ளுபடி இல்லை. அந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் டிசம்பரில் ஓ.டி.க்குக் கை தூக்குவதற்கு முன் ஒரு தடவை கூட்டிப் பார்க்கலாம்.

இந்த ஆப் மறைக்கிற பெரிய விஷயம் சேமநிதி, அதாவது இ.பி.எஃப். மறைக்கிறது என்பதைவிட, சொல்லாமல் விடுகிறது. ஓ.டி. பணத்துக்கு இ.பி.எஃப். கிடையாது, சட்டமே அப்படித்தான். 3,725 வெள்ளி சம்பாதித்த மாதத்திலும் என் 11 சதவீதம் 2,600க்குத்தான், 286 வெள்ளி பிடிக்கிறார்கள். கையில் கூடுதலாக வருகிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் முதலாளியின் 13 சதவீதமும் அந்த 1,125க்கு வராது, மாதம் 146 வெள்ளி, வருடத்துக்கு 1,755 வெள்ளி. எட்டு வருடமாக நான் இதைக் கவனிக்கவே இல்லை. ஆப்பில் இந்தத் தொகைக்கு இ.பி.எஃப். இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால்கூடப் போதும். இப்போது இ.பி.எஃப்.பின் இணையக் கணக்கான ஐ-அக்காவுன் வழியாக மாதம் 100 வெள்ளி நானே போடுகிறேன்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ மட்டும் ஓ.டி.யையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. மாதம் என்னிடம் பிடிக்கும் சந்தா 12.75 வெள்ளி இருந்தது 18.75 ஆகும், வேலை இழப்புக் காப்புறுதி 5.10லிருந்து 7.50 ஆகும், ஆக மொத்தம் 8.40 வெள்ளி கூடுதல். அதற்கு முணுமுணுக்காதீர்கள். மெஷினில் கை மாட்டி வீட்டில் உட்கார நேர்ந்தால், சொக்சோ தரும் 80 சதவீதம் இந்த ஓ.டி. சேர்த்த சம்பளத்தை வைத்துத்தான். சாதாரணக் காய்ச்சலுக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு) என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான்.

மூன்று நட்சத்திரம் சீட்டு சீக்கிரம் வருவதற்கு. விகிதத்தைத் தனித்தனியாகக் காட்டினால் நான்கு தருவேன். அக்கா போன வாரம் தனக்கும் ஒரு 555 வாங்கி வரச் சொன்னார், இரண்டாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.