பெராஸ்தகி மலையூர்: குடியிருக்க நல்ல ஊர், நிலம் வாங்க அவசரப்பட வேண்டாத ஊர்

இந்தோனேசியாவின் வட சுமத்ரா மாகாணத் தலைநகரான மேடானிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், காரோ இன மக்கள் வாழும் மேட்டுநிலத்தின் வாசலில் பெராஸ்தகி இருக்கிறது. டச்சு ஆட்சிக் காலத்தில் தோட்ட முதலாளிகள் சமவெளியின் புழுக்கம் தாங்காமல் வந்து தங்கிய ஊர். இன்று மேடான்வாசிகள் வார இறுதிக்கு வந்து போகும் ஊர். இங்கே குடியிருக்கலாமா, ஒரு வில்லா வாங்கிப் போட்டால் வருமானம் வருமா என்று என்னிடம் விசாரிப்பவர்களில் பினாங்கிலும் கிள்ளானிலும் இருக்கும் தமிழர்களும் உண்டு. வாடகைக்கு வீடெடுத்து இங்கே வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியிருப்பதற்கு இந்த ஊரை மனமாரப் பரிந்துரைப்பேன். விற்பனைத் துண்டறிக்கையை நம்பிப் பணம் போடுவதற்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நிறைய இருக்கிறது. பகலில் மின்விசிறி தேவைப்படாது. இரவில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. எரிமலைச் சாம்பலால் வளம் பெற்ற கறுத்த மண்ணில் கேரட்டும் முட்டைக்கோசும் ஆரஞ்சும் வீட்டு வாசல் வரை விளைகின்றன. சுற்றுலாப் பயணிகள் கூடும் பழச்சந்தையில் விலை எப்போதும் ஒரு படி தூக்கலாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் வாங்கும் சந்தைக்கு அதிகாலையில் போனால், மண் ஒட்டிய கேரட்டைக் கூடையோடு இறக்கிவைத்து, தோளில் சாரம் போர்த்திய காரோப் பெண்கள் வெற்றிலை மென்றபடியே எடை போட்டுத் தருவார்கள். மார்கிசா என்னும் பேஷன் பழத்தின் சாறும், ‘தெருங் பெலாண்டா’ என்னும் மரத்தக்காளியின் சாறும் இந்த மண்ணுக்கே உரிய ருசி. ஊரில் கிறித்தவர்கள் அதிகம் என்பதால் சாப்பாட்டுக் கடைகளில் பன்றி இறைச்சி சாதாரணமாகக் கிடைக்கும். சைவர்கள் சோயாவில் செய்யும் தெம்பேயும் தாஹுவும் வாங்கி வீட்டில் சமைத்துக்கொள்வதே உத்தமம். நம் மசாலாப் பொருள்களுக்கு மேடானின் கம்போங் மெட்ராஸ் வட்டாரம் இருக்கிறது. 1884-இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அங்கேதான்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. புதிதாகக் குடிவந்தவர் 24 மணி நேரத்துக்குள் தெருத் தலைவரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது இந்தோனேசியா முழுவதும் உள்ள வழக்கம். அதை ஒரு சடங்காக நினைக்காமல் கையில் கொஞ்சம் பலகாரத்தோடு போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால், பிறகு குழாய் உடைந்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஆள் வந்து நிற்கும். ‘மெஜுவா-ஜுவா’ என்று காரோ மொழியில் வணக்கம் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடுகிறது. இந்த மக்களின் செம்பிரிங் என்ற குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்ற உட்பிரிவுகள் இருக்கின்றன. மேற்குக் கரையில் பாருசுக்கு அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைக் குறிப்பிடுவதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் இங்கே முற்றிலும் அந்நியர் அல்லர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி குறைகள். முதலாவது தண்ணீர். நான் இருந்த தெருவில் குழாய்த் தண்ணீர் சில மணி நேரமே வந்தது, அதுவும் இரவில். மேல்நிலைத் தொட்டி நிரம்பும் சத்தம் கேட்காத நாளில் மறுநாள் லாரித் தண்ணீருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, விடுதிகளெல்லாம் நிரம்பும் வாரங்களில் நெருக்கடி கூடும். எனவே வீடு பார்க்கப் போகிறவர்கள் காட்சியைப் பார்ப்பதற்கு முன் தொட்டியின் கொள்ளளவையும், கிணறு உண்டா என்பதையும், மின் இணைப்பு எத்தனை வோல்ட்-ஆம்பியர் என்பதையும் கேட்க வேண்டும். 1,300 வோல்ட்-ஆம்பியர் இணைப்பில் தண்ணீர் சுடவைக்கும் கருவியும் மோட்டாரும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் துண்டித்துக்கொள்ளும்.

இரண்டாவது ஈரம். பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் ஊர் இது. அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் மழைக்காலம் முடிவதற்குள் அதன் பின்புறம் கருப்பாகப் பூசணம் பூத்துவிடும். மரக்கதவுகள் ஊதிக்கொண்டு நிலையில் அடைய மறுக்கும். தோல் செருப்பும் புத்தகங்களும் வாடை பிடிக்கும். மூடிக்கிடக்கும் வீடு இங்கே வேகமாகப் பாழாகும். இதை முதலீட்டுக் கணக்கு போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது சாலை. மேடானுக்கும் பெராஸ்தகிக்கும் இடையில் நம்பக்கூடிய முதன்மைப் பாதை ஒன்றே, சிபோலாங்கிட் வழியாக வளைந்து ஏறுவது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின். ஞாயிறு மாலை இறங்கும்போது அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2024 நவம்பர் இறுதியில் பெய்த கனமழையில் சிபோலாங்கிட் பகுதியில் மலை சரிந்து பாதை அடைபட்டது, பயணிகள் உயிரிழந்தார்கள். பெரிய மருத்துவம் வேண்டுமென்றால் இந்தப் பாதையில்தான் இறங்க வேண்டும். மேடானின் தெற்கு விளிம்பில், நகர நெரிசலுக்குள் நுழையும் முன்பே ஆடம் மாலிக் அரசு மருத்துவமனை இருப்பது ஓர் ஆறுதல். இதய நோயோ அடிக்கடி சிகிச்சை தேவைப்படும் நிலையோ உள்ள முதியவர்களை இங்கே நிரந்தரமாகக் குடியமர்த்த வேண்டாம் என்றே சொல்வேன்.

எரிமலையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஏறத்தாழ 400 ஆண்டுகள் அடங்கிக் கிடந்த சினபுங், 2010 ஆகஸ்டில் விழித்துக்கொண்டது. 2013-க்குப் பிறகு பல ஆண்டுகள் ஓயாமல் குமுறியது. 2014 பிப்ரவரியில் ஒரே நாளில் பதினைந்துக்கும் மேற்பட்டோரையும், 2016 மே மாதத்தில் மேலும் 7 பேரையும் அதன் வெப்பச் சாம்பல் பாய்ச்சல் கொன்றது. மலையடிக் கிராமங்கள் சில சியோசார் என்ற இடத்துக்கே பெயர்க்கப்பட்டன. பெராஸ்தகி அந்த வெளியேற்ற வட்டத்துக்குள் வரவில்லை. ஆனால் 2020 ஆகஸ்டு வெடிப்பின்போது இங்கும் சாம்பல் படிந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதைப் பொறுத்தது எல்லாம். குடியிருப்பவர் முகக்கவசத்தை எடுத்து வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம்; ஆனால் ஒரே வெடிப்பில் ஒரு விடுமுறைக் காலத்து முன்பதிவுகள் அத்தனையும் ரத்தாகும் என்பதை விடுதி நடத்துகிறவர் கணக்கில் வைத்தாக வேண்டும்.

வில்லா வியாபாரத்துக்கு வருகிறேன். பெராஸ்தகியின் வாடிக்கையாளர் பெரும்பாலும் மேடான் குடும்பங்கள். அவர்கள் சனிக்கிழமை இரவு வருவார்கள். லெபாரான் என்னும் நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சீனப் புத்தாண்டு நாள்களில் இரட்டை வாடகையும் கொடுப்பார்கள். திங்கள் முதல் வியாழன் வரை, வரிசையாக விளக்கு எரியாத வில்லாக்களைப் பார்த்துக்கொண்டே நான் மாலை நடை போயிருக்கிறேன். என்னிடம் பேசிய ஒரு விற்பனை முகவர், ஆண்டு முழுவதும் நிரம்பியிருக்கும் என்ற ஊகத்தில் போட்ட வருமானக் கணக்கை அச்சடித்தே நீட்டினார். காவலாள் சம்பளம், தோட்டப் பராமரிப்பு, பூசணம் பிடித்த சுவருக்கு மீண்டும் வண்ணம், வாடகை மீதான 10 சதவீத இறுதி வரி என எதற்கும் அதில் இடமில்லை.

நிலச் சட்டம் இதைவிட முக்கியம். 1960-ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டப்படி, ‘ஹாக் மிலிக்’ என்னும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டவர் ‘ஹாக் பாக்காய்’ என்னும் பயன்பாட்டு உரிமையில் வீடு வைத்துக்கொள்ளலாம். 2021-இன் 18-ஆம் எண் அரசு ஒழுங்குவிதி அதற்கு 30 ஆண்டும், பிறகு 20 ஆண்டு நீட்டிப்பும், 30 ஆண்டு புதுப்பிப்பும் தருகிறது. மாகாணத்துக்கு மாகாணம் மாறும் குறைந்தபட்ச விலையும், ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை, 2,000 சதுர மீட்டர் வரை என்ற வரம்பும் உண்டு. சிறிய மலையூரில் கிடைக்கும் வீடுகள் பல அந்த விலை வரம்பை எட்டாமலேயே இருக்கும். அங்கேதான் “என் மைத்துனன் பெயரில் எழுதிக்கொள்ளலாம்” என்று யாராவது வழி சொல்வார்கள். அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அப்படிப்பட்ட மறைமுக ஏற்பாட்டைச் செல்லாததாக்கி, நிலம் அரசைச் சேரும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. யார் எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாலும் இதற்கு இணங்கக் கூடாது.

இந்தோனேசியக் குடியுரிமை உள்ள மேடான் தமிழர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது பத்திரத்தை. வட சுமத்ராவில் பல மனைகள் நில அலுவலகத்தின் சான்றிதழ் இல்லாமல், கிராமத் தலைவர் அல்லது வட்டாட்சியர் கையெழுத்திட்ட கடிதத்தின் மேலேயே கைமாறுகின்றன. விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். காரோ மேட்டில் நிலம் பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் நிலம் அல்ல, ஒரு தாத்தாவின் நிலம். விற்கிறவர் கையெழுத்துப் போட்ட பிறகு ஜகார்த்தாவிலிருந்து ஒரு சித்தப்பா மகன் வந்து பங்கு கேட்பது நடக்கக்கூடியதே. எனவே சான்றிதழை நில அலுவலகத்தில் சரிபார்த்து, வாரிசுகள் எல்லோரும் முன்னிலையில் நிற்க, நில ஆவணப் பதிவு அதிகாரியின் முன்பே கிரயம் எழுத வேண்டும். வாங்குகிறவருக்கு 5 சதவீதச் சொத்துக் கொள்முதல் வரி, விற்கிறவருக்கு 2.5 சதவீத வருமான வரி. “இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று விற்பவர் சொல்வது இங்கே சகஜம். முன்பணம் கொடுக்கும் முன்பே அதைப் பேசி முடிக்க வேண்டும்.

வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. இங்கே வீட்டு வாடகை மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் முன்கூட்டியே கொடுக்கப்படுகிறது. மழை ஓங்கும் அக்டோபர், நவம்பரில் வந்து வீட்டைப் பாருங்கள், அப்போதுதான் கூரை ஒழுகுவதும் சுவர் ஊறுவதும் தெரியும். முதல் ஆண்டு ஒப்பந்தத்தில், தொட்டி, மோட்டார், கூரை ஆகியவற்றின் பழுதை வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டும் என்ற வரியை எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.