ஃப்ளோரைடா, கல்திட்டையா?

தர்மபுரிப் பக்கம் ஜியாலஜி படித்துவிட்டு பி.எச்டி. சேர்ந்தால், கைடு முதலில் நீட்டுகிற தலைப்பு நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. எனக்கும் அதுதான் வந்தது. நானாக ஆசைப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் கல்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய பழங்கால ஈமச்சின்னங்களை. கடைசியில் கல்லைத்தான் எடுத்தேன்.

முக்கியத்துவத்தில் போட்டியே இல்லை, ஃப்ளோரைடுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை. இன்னும் கூடி, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையே பாதிக்கும். உதவித்தொகை, ஆய்வகம் எல்லாமும் ஃப்ளோரைடுக்குத்தான் லேசில் அமையும்.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: கேட்பதற்கு எனக்கு என்ன மிச்சம் இருக்கிறது? பயோட்டைட், அப்படைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு கரைகிறது, கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய நீரில் தங்கிவிடுகிறது. இது தெரிந்த கதை. மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் 2013-இல் வந்துவிட்டது. அப்படியும் நான் புரட்டிய ஆய்வேடுகள் பலவும் ஒரே அச்சு: போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடி, அள, மேப்பில் சிவப்பு அடி. நானும் பாட்டிலோடு ஒரு குழாயடியில் நின்றபோது ஒரு அம்மா கேட்டார்: "போன தடவ வந்தவங்களும் புடிச்சிக்கினு போனாங்க. ரிசல்ட்டு என்னா தம்பி ஆச்சு?" பிரச்சினை பெரிது என்பதால் அதன்மேல் வரைகிற இன்னொரு மேப்பும் பெரிதாகிவிடாது. தீர்க்க ஒரு வழி கையில் இருந்தால்தான் அது முக்கியமான பிரச்சினை என்பார் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங். எனக்கு அப்படி எந்த வழியும் தோன்றவில்லை.

கல்திட்டையிலோ கேள்விக்குப் பஞ்சமில்லை. அத்தனை பெரிய பலகைக் கல்லை எப்படிப் பெயர்த்தார்கள்? தானாக உரியும் பாறை அடுக்கையா, தீ மூட்டிப் பிளந்தா? பலகையில் இருக்கும் வட்டத் துளையை எதைக் கொண்டு குடைந்தார்கள்? இங்கே கல் உடைக்கும் பெரியவர்கள் சம்மட்டியால் பாறையைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். என் பாதிப் படிப்பு அவர்களிடம்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்த பிறகு, 'இரும்பு உளியா?' என்ற கேள்வியும் சூடு பிடித்திருக்கிறது.

வேலை விஷயத்தில் எது மேல் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், நான் இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. ஃப்ளோரைடுக்காரர்களுக்குக் கதவு கூடுதலாகத் திறக்கும் என்றுதான் படுகிறது.

அப்புறம், ஃப்ளோரைடை நீக்கக் கொடுத்த வடிகட்டியை ஜனங்கள் ஏன் கொஞ்ச நாளில் மூலையில் போட்டுவிடுகிறார்கள் என்பது போன்ற கேள்வி ஏதாவது உங்களைக் குடைந்தால், தயங்காமல் ஃப்ளோரைடையே எடுங்கள். நான் படித்த வரையில் ஜியாலஜிக்காரர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.